கூட்டு வட்டியாய் வளரும் இரத்த அழுத்தம்

கடன் தவணை தவறினால் வங்கியிலிருந்து அறிவிப்பு வரும். இரத்த அழுத்தம் உயர்ந்தாலோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. ஆயினும் அதன் சுமை இரத்தக் குழாய்களிலும் இதயத்திலும் சிறுநீரகங்களிலும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஏறத்தாழ 10 லட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்த ஆய்வொன்று 2002-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. அதன்படி, 40 முதல் 69 வயது வரை உள்ளோருக்கு மேல் அழுத்தம் 115-இலிருந்து ஒவ்வொரு 20 அலகு உயரும்போதும் பக்கவாதத்தாலோ இதய நோயாலோ இறக்கும் அபாயம் இருமடங்காகிறது. 155-ஐத் தொட்டவருக்கு அது நான்கு மடங்கு. கூட்டு வட்டியின் கணக்கும் இதுவே.

இக்கடனின் அசலைக் கூட்டுபவற்றுள் உடல் எடை முக்கியமானது. எடை மிகுந்தால் இதயம் கூடுதல் இரத்தத்தை இறைக்க வேண்டியுள்ளது; சிறுநீரகங்களும் உப்பைத் தேக்குகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வில், வயதுவந்தோருள் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமனும் காணப்பட்டன. இந்தியர்க்கு இடுப்புச் சுற்றளவு, ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நலம்.

அசல் குறைந்தால் வட்டியும் குறையும். ஒரு கிலோ எடை குறைந்தால் மேல் அழுத்தம் சுமார் ஓர் அலகு இறங்கும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். அழுத்தம் சீரானது மாத்திரையின் பயனே. எனவே மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்தலாகாது.

சிவாஜிநகர்வாசிகளுக்குப் பௌரிங் அரசு மருத்துவமனை அருகிலேயே உள்ளது. 30 வயதைக் கடந்தோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழுத்தத்தை அளந்து பார்ப்பது அவசியம். கணக்குப் புத்தகத்தில் வரவு செலவைப் பதிந்து வைக்கும் நாம், அந்த இரு எண்களையும் குறித்து வைப்போமாக.