படை நோயும் பழைய புற்றுநோயும்

யாக்கைக்கு அரணாய் அமைந்தது நோயெதிர்ப்பாற்றல். புறத்தேயிருந்து புகும் கிருமிகளையும் அகத்தே தோன்றும் கேடுற்ற கலங்களையும் அழித்தல் அதன் தொழில். அக்காவற்படை நெறிதவறித் தன் தோலையே தாக்குமாயின் சொரியாசிஸ் என்னும் நோய் தோன்றும். தமிழ் மருத்துவர் இதனைக் காளாஞ்சகப்படை என்பர். தோற்கலங்கள் தோன்றி முதிர்ந்து உதிர ஏறத்தாழ ஒரு திங்கள் செல்லும். இந்நோயிலோ சில நாட்களிலேயே அவை மேலெழுந்து வெள்ளிச் செதில்களாய்ப் படியும். இது தொற்றுநோய் அன்று, தொழுநோயும் அன்று.

இதன் மருத்துவம் புற்றுநோய் மருத்துவத்தோடு உறவுடையது. சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிற் கற்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுகூடத்தின் ஆராய்ச்சித் தலைவராய் விளங்கினார். அவர் குழுவினர் ஆக்கிய அமினோப்டெரின், 1948 இல் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைச் சிறிது காலம் அடக்கியது. அதுவே சொரியாசிசையும் தணிக்கும் என்பது 1951 இல் அறியப்பட்டது. அதன் இனமாகிய மெதோட்ரெக்சேட் இன்றும் வழங்குகின்றது.

அதனாலும் தணியாத கடுநோய்க்கு, இந்நூற்றாண்டில் உயிரியல் மருந்துகள் வந்தன. இவை உயிர்க்கலங்களைக் கொண்டு ஆக்கப்பெறும் புரதங்கள், ஊசி வழியே ஏற்றப்படுவன, விலை மிக்கன. எதிர்ப்பாற்றல் முழுவதையும் ஒடுக்காது, அழற்சியைத் தூண்டும் தூதுப்பொருள் ஒன்றையே தடுப்பன. அடாலிமுமாப் ரி.என்.எஃப். என்பதனையும், செக்குகினுமாப் இன்டர்லூக்கின் 17 ஐயும், குசெல்குமாப் இன்டர்லூக்கின் 23 ஐயும் தடுக்கும்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். முன்னர்ப் புற்றுநோய் கண்டு குணமடைந்தவர்க்கு இம்மருந்தை ஈயலாமா? காவலன் கையைக் கட்டினால், ஒளிந்திருக்கும் பகை மீளாதோ? மருந்துகளை முதலிற் சோதித்தோர், அண்மையிற் புற்றுநோய் கண்டவரைப் பொதுவாகச் சேர்த்திலர். ஆகவே விடையைப் பிற்காலப் பதிவேடுகளிலேயே தேடவேண்டியதாயிற்று. ரி.என்.எஃப். தடுப்பு மருந்து பெற்றோர்க்குப் பிற மருந்து பெற்றோரினும் புற்றுநோய் மிகுதியாய் மீண்டதாக அவை காட்டவில்லை. எனினும் அவருட் பலர் நோய் நீங்கிப் பல்லாண்டு கழிந்தவர். மருத்துவர் ஆய்ந்து தெரிந்தெடுத்தவர். ஆதலின் இது ஆறுதல் தரும் சான்றேயன்றி, முற்றிய உறுதி அன்று.

சிகிச்சை முடிந்து ஐந்தாண்டு நிரம்பாதவர்க்கும், மெலனோமா, நிணநீர்ப் புற்று ஆகியன கண்டவர்க்கும் எச்சரிக்கை மிக வேண்டும். அவர்க்குப் பூச்சுமருந்தையோ அசிட்ரெட்டின் மாத்திரையையோ முதலில் நாடுவர். ஒளிச்சிகிச்சையும் உண்டு, தோற்புற்று வந்தவர்க்கு அது ஏற்றதன்று. இவை போதாவிடின், தோல் மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் கலந்து முடிவு செய்வர். மறைந்துள்ள காசநோய் உண்டோ எனவும் முன்னரே சோதிப்பர்.

நிற்க. நம் ஊவா மலைநாட்டுக்கு இதனால் வரும் படிப்பினை யாது? வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கம் தோட்டங்களில் வேரூன்றியது. இலங்கை ஆடவர்க்கு வரும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்னிற்பது. அதற்குச் சிகிச்சை பெற்றவர் பலர், வீடு மீண்டபின் அப்பெயரையே உச்சரிக்க அஞ்சுவர். "வாயில் ஒரு புண்ணை வெட்டினார்கள்" என்பதோடு நிறுத்துவர். புற்றுநோய்க்கு 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட மஹரகமவிற் சிகிச்சை பெற்றவர், பின்னர்த் தோல்நோய்க்குப் பதுளைக்கு வரக்கூடும். ஒரு மருத்துவர் எழுதியதை மற்றவர் அறியும் வழி, நோயாளி கையிலுள்ள கடதாசியே. அதுவோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும்.

மாணவர்களே, அக்கடதாசியை வாசித்துப் பொருள் கூறும் கல்வி உங்களிடம் உண்டு. எந்த உறுப்பிற் புற்று வந்தது, எந்த ஆண்டில் சிகிச்சை முடிந்தது, இறுதியாய்ப் பரிசோதித்த நாள் யாது என்னும் மூன்றையும் தமிழில் எழுதி மூலத்தோடு சேர்த்து வையுங்கள். கிளினிக் செல்லும் தாத்தாவுக்கோ அத்தைக்கோ துணையாய்ச் செல்லுங்கள். பழைய நோயைச் சொன்னால் மருந்து மறுக்கப்படும் என அவர் அஞ்சலாம். சொல்வதனாற் கதவு மூடுவதில்லை. தக்க மருந்தைத் தெரியும் வழியே திறக்கின்றது. மறைத்தலோ மருத்துவரைக் கண்கட்டி நடத்துவதாகும்.