நரம்பு வலியும் நாண் வலியும்

ஈப்போவில் நம்மவர் கடைகளில் ஏறி இறங்கினால், உடம்பில் எங்காவது ஒரு வலியில்லாத வியாபாரியைக் காண்பது அரிது. வலி பலவிதம், அதற்கு நாம் சூட்டும் பெயர் மட்டும் ஒன்றே. முழங்கை வலித்தால் நரம்பு இழுத்துக்கொண்டது. தோள் வலித்தால் நரம்பு பிசகிவிட்டது. விரல் மடங்கி நின்றால் நரம்பு சுருண்டுவிட்டது. மலாய்க்காரச் சகோதரர்களும் 'ஊராட்' என்ற ஒரே சொல்லில் இவையனைத்தையும் அடக்கிவிடுவர். அரபியிலுள்ள 'அஸப்', கிரேக்கத்திலுள்ள 'நியூரான்' ஆகிய சொற்களும் முற்காலத்தில் நரம்பையும் நாரையும் சேர்த்தே குறித்தன. ஆகவே இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. ஆனால் பெயர் மாறினால் வைத்தியமும் மாறிப்போகிறது என்பதால், இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நரம்பு என்பது மூளையின் கட்டளையைக் கொண்டு செல்லும் தந்திக் கம்பி போன்றது. நாண், அதாவது தசைநாண், தசையை எலும்போடு பிணைக்கும் வெண்மையான கயிறு. வில்லின் கயிற்றுக்கு நாம் சொல்லும் அதே நாண்தான். அரபியிலும் வில் நாணுக்கும் தசைநாணுக்கும் 'வதர்' என்றே பெயர். கொலாஜன் என்ற புரத இழைகள் கயிற்றின் புரிகளைப்போல் நெருங்கி அடுக்கப்பட்டு இது அமைந்திருக்கிறது. இதில் இரத்த ஓட்டம் குறைவு. தசையில் ஏற்பட்ட வலி சில நாட்களில் ஆறிவிடும். நாணில் ஏற்பட்டது ஆற வாரங்களும் மாதங்களும் ஆகும். இந்தக் கணக்குத் தெரியாமல்தான் பலர் பத்து நாளில் பொறுமையிழந்து வேறு வேறு வைத்தியரிடம் அலைகின்றனர்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. மரத்துப்போதல், எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி, இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் விறுவிறுத்து எழுப்பிவிடுதல் ஆகியவை நரம்பின் அடையாளங்கள். நாணின் வலியை ஒரே விரலால் தொட்டுக் காட்டலாம். அந்தத் தசைக்கு வேலை கொடுத்தால் வலிக்கும். காலையில் விறைத்திருந்து, சற்று அசைந்தபின் இளகும்.

இது ஏன் வருகிறது? கணக்குப் புத்தகம் எழுதுபவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. வேலை செய்யும்போது நாணில் நுண்ணிய சேதம் செலவாகிறது. ஓய்வில் அது பழுதுபார்க்கப்பட்டு வரவாகிறது. நாள்தோறும் செலவு மிஞ்சினால் ஒருநாள் இருப்பு தீர்ந்துபோகும். பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் விடியுமுன் தொடங்கி நூற்றுக்கணக்கான மரங்களில் ஒரே மணிக்கட்டு அசைவால் பட்டையைச் சீவினார்கள். அவர்களில் வயது முதிர்ந்தவர்கள் இன்றும் நம் கடைகளுக்கு வரும்போது, சில்லறையை எடுக்க விரல் மடங்காமல் தடுமாறுவதைப் பார்க்கிறோம். தோட்டங்களில் பல செம்பனைக்கு மாறிவிட்டன; நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் குலை அறுப்பவருக்கு இப்பொழுது தோள் வலிக்கிறது. நம் தொழிலிலும் நிலைமை வேறன்று. ரொட்டி வீசுபவர், தே தாரிக் இழுப்பவர், துணிக்கட்டைத் தூக்கிப் பிரிப்பவர், நாளெல்லாம் கத்தரிக்கோல் பிடிப்பவர், உயரத்து அலமாரியிலிருந்து பெட்டி இறக்குபவர் ஆகிய எல்லோரும் ஒரே அசைவைத்தான் ஆயிரம் முறை செய்கின்றனர்.

முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டில் வரும் வலிக்கு ஆங்கிலேயர் டென்னிஸ் முழங்கை என்று பெயரிட்டனர்; டென்னிஸ் மட்டையைத் தொட்டே அறியாதவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் வருகிறது. உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து ஒரு நாற்காலியைத் தூக்கிப் பார்த்தால் அந்த மேட்டில் வலி தைக்கும். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வரும் வலியை 1895-இல் சுவிட்சர்லாந்து அறுவை வைத்தியர் டி கெர்வேன் விவரித்தார். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, கையைச் சிறுவிரல் பக்கமாகச் சாய்த்தால் வலி சுள்ளென்று ஏறும். கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மாருக்கும் இது மிகுதி. விரல் மடங்கி, பிறகு 'டக்' என்று விடுபடுவது மற்றொன்று. அங்கே நாண் தன் உறைக்குள் சிக்கிக்கொள்கிறது.

தோள்வலியில் ஒரு நுட்பம் உண்டு. கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது நடுவழியில் வலித்து, மேலே போனபின் குறைந்தால் அது பெரும்பாலும் நாண். பிறர் பிடித்து உயர்த்தினாலும் கை எழவில்லையென்றால் அது உறைந்த தோள். நீரிழிவுக்காரர்களை அது விரும்பித் தேடிவரும். அவ்விரண்டுக்கும் வைத்தியம் வேறு. நாண்கள் எக்ஸ்ரேயில் தெரியமாட்டா என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. 'படம் எடுத்தேன், ஒன்றுமில்லையாம்' என்று பலர் குழம்புகின்றனர். தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்டு படம் காட்டும்; ஆனால் அனுபவமுள்ள டாக்டரின் விரலே பெரும்பாலும் போதும்.

இனி சிகிச்சை. இதை வெறும் அழற்சி என்றே முன்பு கருதினர். நுண்ணோக்காடியில் பார்த்தபோது, நாள்பட்ட நோயில் அழற்சி அணுக்களைவிடச் சிதைந்து ஒழுங்கிழந்த இழைகளே மிகுதியாகக் காணப்பட்டன. ஆகவே வலி மாத்திரை வலியைத்தான் மறைக்கிறது, நாணைச் சீர்செய்வதில்லை. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்கள் அம்மாத்திரைகளைத் தாங்களே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெடும். கோடாலித் தைலம் தடவிக்கொள்வதை நாம் குறை கூறவில்லை, மனத்துக்கு இதம். ஆனால் வலிக்கும் இடத்தைச் சுளுக்கு வழிக்கிறேனென்று பலங்கொண்டு பிசைவது, நைந்த கயிற்றை மேலும் முறுக்குவதாகும்.

முழு ஓய்வும் மருந்தல்ல. சும்மா கிடக்கும் நாண் மேலும் பலவீனமடையும். வேண்டுவது அளவான பாரம். முழங்கை வலிக்காரர் முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே நீட்டி, அரைக்கிலோ பருப்புப் பொட்டலத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். மற்றக் கையால் அதை உயர்த்திவிட்டு, மிக மெதுவாகத் தானே இறக்க வேண்டும். ஒரு தடவைக்கு 15 முறை, மூன்று தடவை. சிறிது வலிப்பது குற்றமில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் பாரத்தைக் குறைக்க வேண்டும். குதிகால் நாணுக்கும் இதே முறைதான்: படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்குவது. சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறையில் இது நாளைக்கு இரு வேளை, 12 வாரம். பன்னிரண்டு வாரம் என்றதும் பலர் முகம் சுளிக்கின்றனர். ஆனால் அதே மனிதர்கள் இரண்டு வருடமாக வலியோடு கடை நடத்துகின்றனர்!

ஊசி போட்டால் ஒரே நாளில் தீருமே என்பார்கள். முழங்கைக்கு ஸ்டீராய்டு ஊசி சில வாரம் அற்புதமாக வேலை செய்கிறது. ஆனால் 2010-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, ஊசி போட்டுக்கொண்டவர்கள் நாளடைவில் மற்றவர்களைவிடப் பின்தங்கியதைக் காட்டியது. குதிகால் நாணிலோ ஊசியால் அறுந்துபோகும் அபாயமே உண்டு. கட்டைவிரல் உறைக்கும் சிக்கும் விரலுக்கும் மட்டும் அது நல்ல பலன் தரும். நீரிழிவுள்ளவர்களுக்கு அங்கும் பலன் குறைவு. சில தினங்களுக்குச் சர்க்கரையும் ஏறும். ஊசிக்குமுன் டாக்டரிடம் தம் சர்க்கரையைச் சொல்லாமலிருப்பவர்கள் நம்மிடையே உள்ளனர். விரல் சிக்கல் தீராவிட்டால், உறையைச் சிறிது வெட்டிவிடும் அறுவை சில நிமிடங்களில் முடிகிற காரியம்.

சர்க்கரையைப் பற்றி மேலும் ஒரு வார்த்தை. 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அவர்களில் ஐவரில் இருவருக்கு அது இருப்பதே தெரியாது. மிகுந்த சர்க்கரை கொலாஜன் இழைகளில் ஒட்டி அவற்றை விறைக்கச் செய்கிறது. இரு கைகளிலும் பல விரல்கள் சிக்கினால், விரலைக் காட்டுமுன் இரத்தத்தைச் சோதிப்பதே முறை.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான் கட்டணம். அங்கிருந்து கடிதம் பெற்று ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லலாம். கடைச் சிப்பந்திகளின் விஷயமும் நம் பொறுப்பு. 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் தொழில்வழி வரும் நோய்களுக்கும் இடமளிக்கிறது. சந்தா கட்டும் முதலாளிகளே இதையறியாமல், கை வீங்கிய பையனைச் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்புவது சரியல்ல.

காத்திருக்கக் கூடாத சில சமயங்கள் உண்டு. பாட்மிண்டன் ஆடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலிருந்து, திரும்பிப் பார்த்தால் யாருமில்லையென்றால், குதிகால் நாண் அறுந்திருக்கலாம். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச் சதையை அமுக்கினால் பாதம் அசையாது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்து உண்ணும்போது குதிகாலில் வலி வந்தாலும் உடனே டாக்டரிடம் கூற வேண்டும். அவ்வகை மருந்தால் நாண் அறுவதுண்டென்று அமெரிக்க அரசு 2008-இலேயே எச்சரித்தது. கத்தியோ கண்ணாடியோ பட்டபின் விரல் மடங்கவில்லையென்றால், தோலை மட்டும் தைத்து அனுப்பிவிட இடங்கொடுக்கலாகாது. உள்ளே அறுந்த நாணைத் தாமதமின்றித் தைக்க வேண்டும்.

இறைச்சியும் மீனும் அறுப்பவர்கள் இதைக் கவனிக்கவும். முள் குத்தியபின் விரல் முழுவதும் ஒரே சீராக வீங்கி, சற்று மடங்கி நின்று, நாண் ஓடும் வழியெல்லாம் தொட்டால் வலித்து, நிமிர்த்தினால் உயிர் போவது போலிருந்தால், நாணின் உறைக்குள் சீழ் பிடித்திருக்கிறது. சர்க்கரைக்காரருக்கு இது இன்னும் வேகமாகப் பரவும். மோதிரம் இருந்தால் அப்பொழுதே கழற்றிவிட்டு, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கடையை யாரிடமாவது ஒப்படைத்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.