பல் சொல்லும் தண்ணீர்க் கணக்கு

பத்தாம் வகுப்பு மாணவி, இண்டூர்

அறிவியல் என்றவுடன் வெள்ளை அங்கியும், கண்ணாடிக் குடுவையும், சுவரில் தொங்கும் தனிம வரிசை அட்டவணையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்று நாம் மனப்பாடம் செய்கிற அறிவியல் முறை ஏதோ வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் நம் தருமபுரி மாவட்டத்தில் அது நம் வீட்டுக் குடத்திலேயே இருக்கிறது. அதைவிட அருகில், நம் வாயிலேயே இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

நம் பக்கத்து ஊர்களில் பலருக்குப் பற்களில் கறை உண்டு. சிலருக்குச் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைத் திட்டு. சிலருக்குக் குறுக்கே மஞ்சள் கோடு. இன்னும் சிலருக்குக் காப்பி நிறம். சிரிப்பு வந்தால் முதலில் கை வாயை மூடும், பிறகுதான் சிரிப்பு வரும். அப்படிப்பட்ட தோழியர் நம்மிடையே இருக்கிறார்கள். "பல் விளக்கத் தெரியாத பெண்" என்று உறவினர் சொல்லக் கேட்டு, கரித்தூளும் உப்பும் வேப்பங்குச்சியும் மாற்றி மாற்றித் தேய்த்து, ஈறில் இரத்தம் வந்ததுதான் மிச்சம். பெண் பார்க்க வருகிறவர்கள் வரை போய்விடுகிற பழி இது. இந்தப் பழி நியாயமானதா என்று அறிவியல் முறையில் விசாரித்துப் பார்ப்போம்.

முதலில் உற்றுநோக்கல். கறை எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை. ஓர் ஊரில் நிறையப் பேருக்கு, அடுத்த ஊரில் சிலருக்கு, ஆற்றோரத்து ஊரில் ஏறக்குறைய யாருக்கும் இல்லை. கறை பெரும்பாலும் இரட்டையாக வரும். வலப்பக்கப் பல்லில் இருந்தால் அதற்கு நேரான இடப்பக்கப் பல்லிலும் இருக்கும். வெற்றிலையாலோ புகையிலையாலோ வருகிற கறை இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. அது பல்லின் மேலே படிந்திருக்கும், மருத்துவர் சுரண்டினால் போகும். இது போகாது, ஏனெனில் பல்லின் எனாமலுக்கு உள்ளேயே இருக்கிறது.

இனிக் கருதுகோள். ஊரார் சொல்லும் காரணங்களை இகழாமல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். பல் விளக்காததுதான் காரணம் என்றால், நன்றாக விளக்குகிறவளுக்குக் கறை இருக்கக்கூடாது. ஆனால் இருக்கிறது, அந்தக் கருதுகோள் அங்கேயே விழுந்துவிட்டது. பரம்பரைதான் காரணம் என்பதைத் தள்ளுவது இவ்வளவு எளிதல்ல. தாய்க்கும் கறை, மகளுக்கும் கறை என்றால் பரம்பரை என்றுதானே தோன்றும்? தாயும் மகளும் ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களாகவும் இருக்கலாமே! இரண்டு காரணங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும்போது அவற்றைப் பிரித்துக் காட்டும் சாட்சி ஒன்று வேண்டும்.

அந்தச் சாட்சி நம் வீடுகளிலேயே இருக்கிறது. மருமகள்தான்! நம் வழக்கப்படி பெண் ஓர் ஊரில் பிறந்து வளர்ந்து, வேறோர் ஊருக்கு வாழ்க்கைப்படுகிறாள். நல்ல தண்ணீர் உள்ள ஊரில் பிறந்து, கறையுள்ள ஊருக்கு வந்த மருமகளைப் பாருங்கள். இருபது ஆண்டுகள் அதே தண்ணீரைக் குடித்தும் அவள் பல் வெண்மையாகவே இருக்கும். அவள் பெற்ற பிள்ளைகளின் பல்லில் கறை இருக்கும். தாயிடம் இல்லாதது பிள்ளைக்கு வந்திருக்கிறது. தந்தை வழியாக வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டால், கேள்வி நல்ல கேள்விதான். அதற்கு எதிர்ப்புறத்தையும் பார்க்க வேண்டும். கறையுள்ள ஊரிலிருந்து நல்ல தண்ணீர் ஊருக்குப் போன பெண்ணுக்கும், அப்படியே வேலைக்காகக் குடிபெயர்ந்து போன ஆணுக்கும் பற்களில் கறை இருக்கும். அங்கே பிறந்து வளர்ந்த அவர்கள் பிள்ளைகளுக்கு இராது. இரு திசையிலும் பார்த்தால் பரம்பரையின் வாதம் தளர்ந்து, இடத்தின் வாதம் வலுக்கிறது.

ஏன் மருமகளின் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை? நிலைத்த பற்களின் எனாமல் ஈறுக்குள்ளே உருவாகும் காலம் ஏறக்குறைய எட்டு வயது வரைதான் (ஞானப்பல் மட்டும் விதிவிலக்கு). அதன்பின் உருவாகி முடிந்த எனாமலைத் தண்ணீர் அப்படி மாற்றுவதில்லை. ஆகவே நம் பல் ஒரு பதிவேடு. எட்டு வயதுக்குள் நாம் எந்தத் தண்ணீரைக் குடித்தோம் என்பதை எழுதி வைத்துக்கொண்டு, ஆயுள் முழுவதும் காட்டிக்கொண்டே இருக்கிறது. ஆனால் மருமகள் தப்பிவிட்டாள் என்று எண்ணிவிடாதீர்கள். பல ஆண்டுகள் அத்தகைய தண்ணீரையே குடித்தால் முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகி வளையாமல் போகும் துன்பம் வளர்ந்தவர்களுக்கும் வரும்.

இதே விசாரணை உலகில் முன்பே நடந்திருக்கிறது. 1901-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊருக்குப் பிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் வந்தார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை கண்டு வியந்து, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதன் காரணத்தைத் தேடினார். ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்னும் சிற்றூரில், வெந்நீர் ஊற்று ஒன்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகே குழந்தைகளுக்குக் கறை வந்தது என்று தாய்மார் கூறினர். 1923-இல் அங்கே சென்ற மெக்கே, அந்த ஊற்றை விட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார். ஊரும் மாறியது. அடுத்து வளர்ந்த குழந்தைகளின் பற்கள் வெண்மையாக முளைத்தன. ஊர் முழுவதையும் ஒரு சோதனைக் குழாய்போல ஆக்கிவிட்டார் என்றால் மிகையாகாது! ஆயினும் தண்ணீரில் இருக்கும் குற்றவாளி யார் என்பது அவருக்கு அப்போதும் தெரியவில்லை. காரணம் எளிது. ஆய்வுக்கூடங்கள் அதுவரை தேடிப் பழகிய பொருள்களையே அளந்தன. தேடாததை அளக்க முடியாது.

விடை வந்தது 1931-இல். ஆர்கன்சா மாநிலத்தில் பாக்சைட் என்னும் ஊரிலும் இதே கறை. அது அலுமினிய நிறுவனத்தின் ஊர். அலுமினியப் பாத்திரம் உடலுக்குத் தீங்கு என்ற பேச்சும் அப்போது பரவியிருந்ததால் நிறுவனத்தாருக்குக் கவலை. அவர்களுடைய தலைமை வேதியியலர் எச். வி. சர்ச்சில் (இங்கிலாந்துப் பிரதமர் அல்லர், இவர் வேறு) நிறமாலை முறையில் அந்தத் தண்ணீரை ஆராயச் செய்தார். லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் புளோரைடு! அவர் அதை உடனே நம்பவில்லை. மாதிரித் தண்ணீரில் ஏதோ கலந்திருக்கும் என்று எண்ணிப் புதிதாக மாதிரி கேட்டார். மறுபடியும் அதே விடை வந்த பிறகே ஏற்றுக்கொண்டார். பாத்திரத்தின் மேலிருந்த பழியும் நீங்கியது. எங்களுக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அந்த இரண்டாவது மாதிரிதான்.

நம் நாட்டில் இதைக் கண்டறிந்ததில் நம் சென்னைக்குப் பங்குண்டு. 1937-இல், அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில், கிணற்று நீரால் மக்களின் பல்லும் எலும்பும் பாதிக்கப்படுவதைக் கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்த ஷார்ட் என்பவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்டனர்.

இப்போது அளவுக்கு வருவோம். நம் பாட்டிமார் கேழ்வரகைப் படியால் அளந்தார்கள். தலை தட்டி அளந்தால் ஒன்று, குவித்து அளந்தால் ஒன்று. பூவை இன்றும் முழத்தால் அளக்கிறார்கள். பூக்காரம்மா கை நீளமாக இருந்தால் நமக்கு அதிர்ஷ்டம். பூ இரண்டு விரல் குறைந்தால் மனக்குறைதான். புளோரைடு குறைந்தாலும் கூடினாலும் பல் போகும். மிகச் சிறிதளவு இருந்தால் சொத்தையைத் தடுக்கிறது, மிகுந்தால் கறையாக்குகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இதற்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. ஆனால் எது அளவு? பழமொழி அதைச் சொல்லவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் சொல்கிறது: குடிநீரில் லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம்.

ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் எவ்வளவு சிறிது என்று எண்ணிப் பாருங்கள். மொட்டை மாடியில் வைக்கும் 1000 லிட்டர் தொட்டி முழுவதிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம். ஒன்றரைக் கிராம் ஆனால் எல்லை. கண்ணால் காண முடியாது. நாவால் உணர முடியாது. மணமும் இல்லை. தெளிந்து, பளிங்குபோல் இனிக்கும் ஆழ்குழாய்த் தண்ணீரில்தான் பெரும்பாலும் அது மிகுந்திருக்கிறது. நம் மாவட்டத்தின் அடியில் இருப்பது கடினமான பழம்பாறை. அதிலுள்ள சில கனிமங்களில் புளோரைடு உண்டு. மழை குறைந்து, ஆழத்தில் பாறையோடு நெடுநாள் கிடக்கும் நீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. நீரில் கால்சியம் மிகுந்தால் அது புளோரைடைப் பிடித்து வீழ்படிவாக்கிவிடும். கால்சியம் குறைந்த மென்னீரில் தங்கிவிடும். ஆக, சோப்பு நன்றாக நுரைக்கிற தண்ணீர் நல்ல தண்ணீர் என்ற நம் நம்பிக்கை இங்கே உதவாது. காய்ச்சிக் குடித்தாலும் பயனில்லை. நீர் ஆவியாகும், புளோரைடு ஆகாது. மிஞ்சிய நீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி களச்சோதனைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். சோதனைக் குழாயில் அளந்த தண்ணீர், அதில் சிவந்த வினைப்பொருள் சில துளி. புளோரைடு கூடக் கூடச் சிவப்பு வெளுத்து மஞ்சளாகும். அந்த நிறத்தை அட்டையில் உள்ள நிறங்களோடு ஒப்பிட வேண்டும். ஒரே குழாயை மூவர் தனித்தனியே பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதினோம். ஒருத்தி 1.5 என்றாள். ஒருத்தி 2.0 என்றாள். மூன்றாமவள் "இரண்டுக்கும் நடுவே" என்று எழுதியிருந்தாள். யார் சொன்னது சரி என்று வகுப்பில் பெரிய வாக்குவாதம். அருட்சகோதரி சிரித்துக்கொண்டே, "அட்டையில் 1.5-க்கு அடுத்த நிறம் 2.0. நடுவில் நிறமே இல்லாதபோது அட்டையைப் பார்த்து என்ன கேட்கிறீர்கள்?" என்றார். வெர்னியர் அளவிக்கு மீச்சிற்றளவு உண்டு என்று படித்தோமே, அதுபோல் இந்த அட்டைக்கும் உண்டு, அது 0.5. "1.5-லிருந்து 2.0-க்குள்" என்று எழுதுவதே நேர்மையான அளவீடு. 1.73 என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும். இன்னும் நுட்பமாக வேண்டுமானால் புளோரைடு மின்முனை உள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும்போது கண்ணாடிப் புட்டியில் அல்லாமல் சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் அனுப்ப வேண்டும் என்பதையும் கற்றோம். காய்ச்சி வடித்த நீரையும் உடன் சோதித்தோம். அதில் சுழி காட்டாவிட்டால் பெட்டியையே சந்தேகிக்க வேண்டும்.

ஓர் எண் கிடைத்துவிட்டால் விசாரணை முடிந்துவிடுவதில்லை. லிட்டருக்கு 1.5 என்பது தண்ணீரின் அளவு. நம் உடலுக்குள் போவதன் அளவு அல்ல. நிழலில் அமர்ந்து வேலை செய்பவர் நாளுக்கு 2 லிட்டர் குடித்தால் 3 மில்லிகிராம். அதே தண்ணீரை, சித்திரை வெயிலில் களையெடுக்கும் தாய் 4 லிட்டர் குடித்தால் 6 மில்லிகிராம். ஒரே குழாய், ஒரே எண், இருமடங்கு சுமை. அட்டவணையில் இது தெரியாது.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டு, காவிரி நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வரத் தொடங்கியது. புளோரைடுத் துன்பத்தைக் குறைப்பதே அதன் முக்கிய நோக்கம். அப்போது நாங்கள் சின்னஞ்சிறு குழந்தைகள். இன்று ஆறாம் வகுப்பில் பயிலும் தங்கையரோ அதற்குப் பின் பிறந்தவர்கள். ஓக்லி ஊரைப்போல நம் மாவட்டமும் தண்ணீரை மாற்றியிருக்கிறது. ஆனால் விடையை யாராவது பற்களில் படித்துப் பார்க்க வேண்டுமே! எங்கள் கருதுகோள் இது: காவிரி நீரையே குடித்து வளர்ந்த தங்கையருக்கு, எங்கள் அக்காமாரைவிடக் கறை குறைவாக இருக்க வேண்டும். எங்களிலோ, முதலில் உருவாகும் முன்பற்களில் கறை இருந்தாலும், ஏழு எட்டு வயதில் எனாமல் முற்றுப்பெறும் இரண்டாம் கடைவாய்ப்பற்களில் அது குறைந்திருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் கருதுகோளைத்தான் திருத்த வேண்டும், பற்களை அல்ல.

இதற்கென ஒரு குறிப்பேட்டில் கட்டங்கள் போட்டு வைத்திருக்கிறோம். பெயருக்குப் பதில் எண். பிறந்த ஆண்டு, எட்டு வயதுவரை வளர்ந்த ஊர், அங்கே குடித்தது ஆழ்குழாய் நீரா, காவிரி நீரா, இரண்டும் கலந்ததா. கறையைப் பார்ப்பவர் இருவர்; அவர்களுக்கு அந்தப் பிள்ளையின் ஊர் முன்கூட்டித் தெரியக்கூடாது, தெரிந்தால் கண் அதற்கேற்பப் பார்த்துவிடும். பெற்றோரிடம் கையெழுத்து பெற்ற பின்னரே ஒருவரைச் சேர்ப்பது, யாருடைய வாயையும் பிறர் முன் திறக்கச் சொல்லாதது என்றும் முடிவு செய்துள்ளோம். எங்களுக்குத் தேர்வு வந்துவிட்டதால் இக்குறிப்பேட்டை ஒன்பதாம் வகுப்பு மாணவியரிடம் ஒப்படைக்கிறோம்.