சர்க்யூட் சுலபம், அம்மணி

அன்புள்ள அம்மணிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டு, கோயமுத்தூரிலேயே ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் செய்து, செட் 6,000 ரூபாய்க்கு விற்கப் போகிறாய் என்று உன் அப்பன் சொன்னான். அவனுக்குக் கவலை. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் நீ அனுப்பிய தாள்களைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பக்கம் பக்கமாகச் சர்க்யூட். பெட்டியைப் பற்றி ஒரு வரி, டிரான்ஸ்பார்மரைப் பற்றி அரை வரி.

சர்க்யூட் இன்றைக்குப் பெரிய வித்தை இல்லை. 4440 ஐசியில் நாங்கள் செட் அடித்த காலம் போய்விட்டது. கிளாஸ்-டி போர்டுகள் சீனாவிலிருந்து வந்து சென்னை ரிச்சி தெருவில் குவிந்து கிடக்கின்றன. அதில் உள்ள உதிரிகளை மட்டும் நீ வாங்கினாலே, அவர்கள் முழுப் போர்டுக்குக் கேட்கும் விலையைத் தாண்டிவிடும். அவர்கள் ரீல் கணக்கில் வாங்குகிறார்கள், நீ நூறு நூறாக எண்ணி வாங்குவாய். அங்கே போய் மோதாதே.

முதலில் காசுக் கணக்கு. 6,000 ரூபாயில் ஜிஎஸ்டி, கடைக்காரர் கமிஷன், லாரி வாடகை, கூலி, வாரண்டியில் திரும்பி வரும் பீஸுக்கு ஒதுக்குவது எல்லாம் போக, பொருளுக்கு 2,500 மிஞ்சினால் பெரிய விஷயம். மரப்பெட்டி, ஸ்பீக்கர் யூனிட், டிரான்ஸ்பார்மர், தகரக்கூடு, அட்டைப்பெட்டி, தெர்மோகோல் அத்தனையும் அதற்குள் அடங்க வேண்டும். பிளாஸ்டிக் முகப்புக்கு மோல்டு போடும் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடு. மோல்டுக்கு லட்சக்கணக்கில் ஆகும். ஆயிரம் பீஸ் விற்கும் வரை ஷீட் மெட்டலும் பிளைவுட்டும் போதும்.

இருக்கிற காசை ஸ்பீக்கர் யூனிட்டில் போடு. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நீ குறித்திருக்கும் யூனிட் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் தருவது. 91 டெசிபல் தரும் யூனிட் ஒன்றை எடுத்துக்கொள். 3 டெசிபல் கூட்ட வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். ஆகவே 85க்கு 60 வாட் கொடுத்து வாங்கும் சத்தத்தை 91க்கு 15 வாட்டில் வாங்கிவிடலாம். செம்பு குறையும், ஹீட் சிங்க் குறையும், கூடும் சின்னதாகும். யூனிட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்தது அங்கே திரும்பி வந்துவிடும். அதற்குப் பதிலாக நீ விட்டுக்கொடுக்க வேண்டியது, கொஞ்சம் பெரிய பெட்டி அல்லது கொஞ்சம் குறைந்த பேஸ். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிகச் சத்தம், இந்த மூன்றும் ஒன்றாக யாருக்கும் வாய்த்ததில்லை.

நம் கடைகளில் யூனிட்டை "8 இன்ச், 100 வாட், டபுள் மேக்னெட்" என்றுதான் விற்பார்கள். அந்த மூன்றையும் வைத்துப் பெட்டி கட்ட முடியாது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் எழுதி, ரிச்சர்ட் ஸ்மால் 70களில் விரித்த கணக்கு இருக்கிறதே, அதற்கு வேண்டிய அளவுகளை நீயே எடுக்கலாம். ஒரு ரெசிஸ்டரும் லேப்டாப்பும் போதும். ஒன்றை மட்டும் அளந்து நிறுத்திவிடாதே, ஒவ்வொரு லாட்டிலும் நாலைந்தை எடுத்து அள. போன மாசம் வந்த கோனும் இந்த மாசம் வந்த கோனும் ஒரே கம்பெனிப் பெயரில் வேறு வேறாக இருக்கும். முதல் பீஸ் நன்றாகப் பாடுவது பெரிதில்லை. நூறாவது பீஸும் அதே மாதிரி பாட வேண்டும்.

மேக்னெட் ஃபெரைட்டாகவே இருக்கட்டும். நியோடிமியம் லேசானது, நேர்த்தியானது, சரி. ஆனால் 2025 ஏப்ரலில் சீனா சில அரிய மண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும், இங்கே கார் கம்பெனிகளே திண்டாடின. கூடத்து மூலையில் உட்காரப் போகும் பெட்டி அரைக்கிலோ கூடினால் யார் கேட்கப் போகிறார்கள்?

இனி கரண்ட். 15 வாட்டுக்கு 15-0-15 டிரான்ஸ்பார்மர் போதும். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் டிசி 21 வோல்ட் வரும். 25 வோல்ட் கண்டென்சர் தாராளம் என்று தோன்றும். ராத்திரி ஊரில் லோடு இறங்கியதும் லைனில் 260 வரும் கிராமங்கள் உண்டு. பாட்டு ஓடாமல் செட் சும்மா ஆனில் கிடந்தால் டிரான்ஸ்பார்மரும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றும், 26, 27ஐத் தொட்டுவிடும். கண்டென்சர் உப்பி நிற்கும். 35 வோல்ட் போடு, வித்தியாசம் சில ரூபாய்தான். ஐசியும் அப்படியே. டிடிஏ2030 இந்த வோல்ட்டேஜைத் தாங்காது, நீ போட்டிருக்கும் டிடிஏ7294 தாங்கும். பழைய ஐசி என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். எந்த ஊர் டிவி மெக்கானிக்கும் அதை மாற்றிவிடுவார், உனக்கு அதுதான் வேண்டும். டூப்ளிகேட் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடியில் எத்தனை போலி ஓடுகிறது என்று எந்த சர்வீஸ்காரரையும் கேள். ஐசியை அங்கீகரிக்கப்பட்ட டிஸ்ட்ரிபியூட்டரிடம் பில்லோடு வாங்கு. காற்றோட்டத் துளைக்கு வலை அடிக்க மறக்காதே. சூடான இடத்தைப் பல்லி விடாது.

புளூடூத் வைக்கச் சொல்லி எல்லோரும் நச்சரிப்பார்கள். வைத்தால் பிஐஎஸ் பதிவு, லேப் டெஸ்ட், வயர்லெஸ் அனுமதி என்று வரிசையாக வரும். முதல் மாடலில் ஆக்ஸ் சாக்கெட்டோடு நிறுத்திக்கொள். அப்போதும் உன் வாட்டுக்கு எந்த விதி பொருந்தும் என்று ஒரு டெஸ்ட் லேபில் கேட்டுவிட்டே விற்க ஆரம்பி.

இங்கே நமக்கு வாய்த்த பலம் ஒன்று உண்டு. பம்பும் மோட்டாரும் செய்து பழகிய ஊர் இது. வைண்டிங், லேமினேஷன், தகர வேலை எல்லாம் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் கிடைக்கும். கண்டென்சரைக் கண்ணூரில் கெல்ட்ரான் செய்கிறது. டெல்லி அகுஜா 1940இலிருந்து நிற்கிறது. நம் கோயில் திருவிழாக்களில் நீ பார்க்காத பெயரா அது? கொல்கத்தாவின் சோனோடைன் ஸ்டுடியோ ஸ்பீக்கர்களே செய்கிறது. இங்கே முடியாது என்பவனிடம் இந்தப் பெயர்களைச் சொல்.

இன்னொன்று. அட்டைப்பெட்டியில் பிஎம்பிஓ போடாதே. 15 வாட் செட்டில் 1,500 வாட் என்று அச்சடிப்பது நம் சந்தையில் வழக்கமாகிவிட்டது. நீ 15 என்றே போடு. கடைக்காரர் முகம் சுளிப்பார். பக்கத்தில் வைத்துப் பாடவிட்டுக் காட்டு.

உதிரிப் பட்டியலை விலையோடு எழுதி அனுப்பு, எங்கெங்கே குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். போர்டு ஆர்டர் கொடுப்பதற்கு முன் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் ஒன்று வாங்கிவிடு. 170 வோல்ட்டில் ஒரு நாள், 260 வோல்ட்டில் ஒரு நாள், முழுச் சத்தத்தில் ஓட்டிப் பார்க்காமல் ஒரு செட்டையும் வெளியே அனுப்பாதே.

அன்புடன்,
பெரியப்பா