'பிரதர்' என்றால் யார்?

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணன் துறவற சபை ஒன்றில் பிரதராகச் சேர்ந்திருக்கிறார். திருச்சுழிப் பக்கம் கரிசல் காட்டில் மிளகாய் போடும் குடும்பம். வீட்டில் அப்பத்தாவுக்கு மட்டும் தீராத மனக்குறை. அவர் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், "எப்பய்யா பூசை வைப்பே?" என்று கேட்பாராம். "நான் சாமியார் ஆகப் போறதில்ல அப்பத்தா, கடைசிவரைக்கும் பிரதர்தான்" என்றால், பேரன் படிப்பில் தோற்றுவிட்டான் என்று எண்ணிக் கண் கலங்குவாராம். இதைக் கேட்டபின், இச்சொல்லின் பொருளை அறிந்தே தீருவது என்று நாங்கள் முனைந்தோம்.

அப்பத்தாவின் மேல் குற்றமில்லை. குருமடத்தில் படிக்கும் மாணவர்களையும் நாம் பிரதர் என்றே அழைக்கிறோம். அவர்கள் பிறகு குருவாகிறார்கள். ஆகவே பிரதர் என்பது பாதி வழி என்ற எண்ணம் ஊரில் ஊன்றிவிட்டது. துறவற சகோதரரோ ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளைக் கொடுத்து, குருப்பட்டம் பெறாமலே இறுதிவரை வாழ்பவர். நம் சிஸ்டர்கள் வாழ்வது போலத்தான். சிஸ்டரிடம் "எப்போது பூசை வைப்பீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லையே!

இனிச் சொல்லுக்கு வருவோம். இலத்தீனில் சகோதரனுக்கு 'பிராத்தெர்' என்று பெயர். வடமொழி 'ப்ராதா', ஆங்கில 'பிரதர்' இரண்டும் அதே வேரில் பிறந்தவை. இலத்தீன் சொல் பிரெஞ்சில் 'பிரேர்' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தில் 'ஃப்ரையர்' ஆயிற்று. அசிசி நகர் புனித பிரான்சிஸ் 1209-ஆம் ஆண்டு திருத்தந்தையின் அனுமதி பெற்றுத் தொடங்கிய சபைக்கு 'சிறிய சகோதரர்கள்' என்றே பெயரிட்டார். அவரும் குருப்பட்டம் பெற்றவர் அல்லர்.

எங்களுக்கு அதிக வியப்பளித்தது நம் 'சகோதரர்' என்ற சொல்தான். ஸக என்றால் கூட, உதரம் என்றால் வயிறு. ஒரே வயிற்றில் பிறந்தவர் என்று பொருள். கிரேக்க மொழியில் நற்செய்தி நூல்கள் வழங்கும் 'அதெல்போஸ்' என்ற சொல்லுக்கும் அச்சாக அதே பொருள்! நம் 'உடன்பிறந்தார்' சொல்வதும் அதுவேயன்றோ? அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் உறவில்லாத கடைக்காரரையும் 'அண்ணாச்சி' என்கிறோம். எனவே இந்த வழக்கம் நமக்குப் புதிதன்று.

மயோர்க்கா தீவில் ஒரு கல்லூரியின் வாயிற்காப்பாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்த இயேசு சபைச் சகோதரர் அல்போன்ஸ் ரொட்ரிகஸ் 1888-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். கதவைத் திறந்து மூடியே புனிதரானவர்! நமக்கு அருகில், பாளையங்கோட்டையில் 1903-இல் திரு இருதய சகோதரர் சபை தோன்றியது. சகோதரர்களின் அழைத்தல் பற்றி 2015-இல் உரோமையிலிருந்து தனி ஏடே வெளிவந்திருக்கிறது.

இவற்றையெல்லாம் தோழியின் வீட்டுக்குப் போய் அப்பத்தாவிடம் சொன்னோம். வற்றல் காயப் போட்டுக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"ஒரே வயிறுன்னு சொல்றீக. அப்ப, அங்க அவனுக்குப் பசிச்சா பாத்துச் சோறு போடுவாகளா?" என்றார்.

போடுவார்கள் என்று சொன்னோம்.

"அப்பச் சரி" என்று மறுபடி வற்றலைக் கிளறத் தொடங்கினார்.