பழைய கணினியும் கடைமடை வயலும்



நாஞ்சில் நாட்டில் வயல் வாங்குபவர் விலை பேசுவதற்கு முன், பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் அங்குவரை வந்து சேருமா, அது வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைமடையா என்று விசாரிப்பார். பழைய மடிக்கணினி வாங்குபவரும் அப்படியே விசாரிக்க வேண்டும். வன்பொருள் வயல் என்றால், அதற்கு வாய்க்கால் இயக்கி, அதாவது ஒரு சில்லை வேலை வாங்கும் முறையை இயங்குதளத்துக்குச் சொல்லித்தரும் நிரல். அதைப் பராமரிப்பவர் கைவிட்டால், பழுதில்லாத சில்லும் தரிசாகிவிடும்.

விண்டோஸ் 10இன் வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும், இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ எதிர்பார்க்கிறது. ஆகவே அதற்கு முந்திய கணினிகளுக்கு நம்பகமான வழி லினக்ஸ் இயங்குதளம். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக்காலக் கணினிகளில், விண்டோஸுடன் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அத்தகையது வீட்டில் கிடந்தால், புதிதாக வாங்குவதற்கு முன் அதைச் சோதிப்பதே முறை.

லினக்ஸிலும் எல்லாச் சில்லுகளும் ஒரே நிலையில் இல்லை. இயக்கியின் மூலநிரல் திறந்திருந்து, கெர்னல் என்னும் கருநிரலுக்குள்ளேயே இடம்பெற்றிருந்தால், தயாரித்த நிறுவனம் ஒதுங்கிய பின்னும் பிறர் அதைப் பேணுவர். இன்டெல்லின் பெரும்பாலான வரைகலைச் சில்லுகள் பல ஆண்டுகள் கழித்தும் உழைப்பது இதனால்தான். பழைய நெட்புக்குகள் சிலவற்றில் இருந்த ஜிஎம்ஏ 500 இதற்கு விலக்கு. அதன் உள்ளமைப்பு வேறொரு நிறுவனத்தின் மூடிய வடிவமைப்பாதலால் முழு ஆதரவு கிட்டவில்லை. என்விடியாவின் பழைய அட்டைகளுக்கான 340 வரிசை மூடிய இயக்கியும் 2019 இறுதியோடு நின்றுவிட்டது. செயலி 64 பிட் வகையா என்பதையும் பார்க்க வேண்டும். 2025இல் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைத் தரவில்லை.

மாடல் பெயரை மட்டும் நம்புவது போதாது, ஏனெனில் ஒரே மாடலில் வெவ்வேறு வைஃபை அட்டைகள் பொருத்தப்படுவதுண்டு. லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைக் கடைக்கே கொண்டுசென்று, வன்வட்டில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்ப்பதே சரியான சோதனை. முனையத்தில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையுடன் '-என்என்கே' என்பதைச் சேர்த்துக் கொடுத்தால், பெரும்பாலான முக்கியச் சில்லுகளின் அடையாள எண்ணும் அவற்றை இயக்கும் நிரலின் பெயரும் வரிசையாகத் தெரியும்; எண் 8086 என்று தொடங்கினால் அது இன்டெல் சில்லு. இயக்கியின் பெயர் வராத வரியே ஐயத்துக்குரியது. பின்னர் வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்சம் ஆகியவற்றைப் பார்த்து, மூடியைச் சாத்தித் திறந்ததும் கணினி ஒழுங்காக விழிக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

இத்தனைக்கும் அரை மணி நேரம் போதும். அதற்கு இடங்கொடாத கடையில், விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதிருப்பதே நன்று.