ஆழமும் ஊற்றும்

நுழையும்முன்

மணற்கேணியைத் தோண்டத் தோண்ட நீர் ஊறும்; கற்கக் கற்க அறிவு ஊறும் என்பது வள்ளுவர் காட்டும் உவமை. கற்பாறையிலும் ஆழத்திற்கு ஏற்ப நீர் ஊறுமா?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. அம்மலைமேல் அமைந்த ஊர்களுள் ஒன்று கரியாலூர். மலையில் பொழியும் மழையின் பெரும்பகுதி சரிவுகளின் வழியே கீழிறங்கி விடுகிறது. அவ்வாறு வரும் நீரைத் தேக்குவதற்கே அடிவாரத்தில் கோமுகி அணை கட்டப்பட்டது. மலைமேல் வாழ்வோர் நிலத்தடி நீரை நாடும்போது பாறையின் இயல்பை அறிவது இன்றியமையாதது.

இம்மலை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கடும்பாறையால் ஆனது. மணலில் துகள்களின் இடைவெளிகளில் நீர் தங்கும்; கடும்பாறையில் அத்தகைய இடைவெளிகள் இல்லை. மேலே மண், அதன்கீழ் வெயிலும் மழையும் நெடுங்காலமாகச் சிதைத்த பாறை, அதற்கும் கீழே உறுதியான பாறை என நிலம் அடுக்கடுக்காக அமைந்துள்ளது. சிதைந்த பாறையிலும் அதன்கீழுள்ள விரிசல்களிலுமே நீர் நிற்கும். ஆழம் மிகுந்தோறும் மேலுள்ள பாறையின் அழுத்தத்தால் விரிசல்கள் பொதுவாகக் குறைந்து இறுகுகின்றன.

ஆகவே, ஒரு வீட்டில் 200 அடியில் நீர் கிடைத்தாலும் அடுத்த வீட்டில் அதே ஆழத்தில் கிடைக்கும் என்பது உறுதியன்று. துளை விரிசலைத் தொட்டால் நீர் வரும். தொடாவிடில் புழுதியே பறக்கும். துளையிடும் கூலியோ அடிக்கணக்கில் ஏறும். 'இன்னும் நூறடி' என்னும் நம்பிக்கையில் ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு கரைந்துவிடக்கூடும்.

இவ்விழப்பைத் தவிர்க்க, நிலத்தில் மின்சாரம் செலுத்தி மின்தடையை அளந்து ஆய்ந்தபின் இடம் தேர்தல் நன்று. சிதைந்த பாறை தடித்துள்ள இடத்தில் அகன்ற திறந்த கிணறே போதுமானதாகலாம். இரவில் ஊறும் நீரை அது பகலுக்குச் சேமித்து வைக்கும். விரிசலில் நிற்கும் நீரும் முன்பு பெய்த மழையே. 2003இல் தமிழகக் கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதன் பொருள் இங்கு விளங்கும். கற்பாறை நிலத்தில் ஆழத்தை நம்புவதினும் இடம் அறிந்து தோண்டுவதும் மழையை மண்ணுக்குள் இறக்குவதுமே ஊற்றைக் காக்கும்.

தெரியுமா?

கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கல் இவ்வகைப் பாறையால் ஆனது. அவர் பெயராலேயே இப்பாறை சார்னோகைட் எனப்படுகிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் தெருவிலுள்ள கிணறுகளின் ஆழத்தைக் கேட்டறிந்து பட்டியலிடுக. அவை வேறுபடுவதற்கான காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.